வாசலில் கழற்றி வைத்த ஷூ

கல்யாண மண்டபத்தில் செருப்பு காணாமல் போனால் எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. நாலு பேரைத் திட்டிவிட்டு, கிடப்பதில் காலுக்குச் சேருகிற ஒன்றை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். எனக்கும் அப்படி இரண்டு மூன்று முறை போயிருக்கிறது. ஆனால் காலில் கிடந்ததைப் பறிகொடுத்துவிட்டு, அதற்காக ஒரு கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது ஒரே ஒரு முறைதான். நடந்து இத்தனை வருஷம் ஆகியும், யாராவது மேடையில் தியாகம் என்று பேச ஆரம்பித்தால் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடுகிறது.

2005ஆம் வருஷம். நான் சென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரிக்கும் ஜெர்மனியில் ஒரு கல்லூரிக்கும் இடையே மாணவர்களை ஒரு பருவத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. அந்த வருஷம் அதில் என் பெயர் வந்தது. அப்பாவும் அம்மாவும் மரக்காணத்தில் உப்பளக் கூலிகள். கோட்டக்குப்பத்துப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் துபாய், சவுதி என்று விமானம் ஏறுவது சாதாரணம். எங்கள் தெருவில் அதுவும் கிடையாது. விமானம் தலைக்கு மேலே போனால் உப்புப் பாத்தியில் நின்றபடி நிமிர்ந்து பார்ப்போம், அவ்வளவுதான்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் ஷூ போடுவதில்லை. தோல் எதுவாக இருந்தாலும் உப்புத் தண்ணீர் ஒரு மாதத்தில் அரித்துத் தின்றுவிடும். வெறுங்காலோடுதான் பாத்தியில் இறங்குவார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை ஷூ வாங்கியதில்லை. அதனால் எனக்கு ஷூ வாங்க அம்மாவும் நானும் பாண்டிக்குப் போனது ஒரு பெரிய காரியமாக இருந்தது. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கடையில் கறுப்பு ஷூ ஒன்றைக் கையில் வாங்கி, வாழைக்காய் முற்றலா என்று பார்க்கிற மாதிரி முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஒரு சைஸ் பெருசா குடுங்க. கால் வளரும்" என்றாள் கடைக்காரரிடம்.

"எனக்கு இருபது வயசாவுதும்மா. இனிமே எங்க வளரப்போவுது?"

"சாக்ஸ் போட்டா எடம் வேணாமா? நீ சும்மா இரு."

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, ஊதா நூல் எடுத்து இரண்டு ஷூவிலும் நாக்கின் உட்பக்கம் ஒரு முடிச்சுத் தைத்தது. எங்கள் தெருவில் புதுச் செருப்பு வாங்கினால் இப்படி நூல் கட்டாமல் வெளியே எடுத்துப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஒரே மாதிரி ரப்பர் செருப்புகள் குவிந்து கிடக்கும். பூசை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். அடையாளம் இல்லையென்றால் சண்டைதான். ஆளுக்கொரு நிறம். எங்கள் வீட்டுக்கு ஊதா. ஜெர்மனியில் என் ஷூவை யார் மாற்றிப் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் சிரித்தேன். அம்மா கேட்கவில்லை.

அங்கே போய்ச் சேர்ந்து சில வாரங்களில், மே மாதம், கிறிஸ்தவ மாணவர் மாநாடு ஒன்றுக்கு அழைப்பு வந்தது. நான்கு நாள். பல நாட்டு மாணவர்கள் வருவார்கள். முதல் நாள் மாலை ஆராதனையில் வெளிநாட்டு மாணவர்கள் சிலர் அவரவர் தாய்மொழியில் வேதம் வாசிக்க வேண்டும். தமிழுக்கு நான். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். கொடுத்த பகுதியை அறையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் பழகினேன். சென்னையில் எத்தனையோ கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், இங்கே எழுந்து போய் வாசிக்கப் போகிறேன். அதற்காகத்தான் போனேன் என்றே சொல்லலாம்.

மாநாடு நடந்த இடம் ஏரிக்கரையில் ஒரு பழைய பள்ளிக்கூடம். ஒரு பக்கம் சிறிய கோயில். மதியம் ரயிலில் போய் இறங்கி, பையை அறையில் போட்டுவிட்டு, தொடக்க ஜெபத்துக்குக் கோயிலுக்கு ஓடினேன். வாசலை மிதித்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு நீளமான பெஞ்சு, அதன் மேலும் கீழும் வரிசையாக ஷூக்கள், செருப்புகள், பூட்ஸ்கள். சுவரில் ஒரு துணித் தட்டி, அதில் சூரியனும் அலையும் வரைந்து கீழே ஜெர்மனில் ஏதோ எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த ஜெர்மன் ரொட்டி வாங்கவும் பஸ் ஏறவும் போதுமானது. அதைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. வந்த நாளிலிருந்து இந்த ஊர் கோயில்களில் எல்லாரும் ஷூவோடு உள்ளே போவதைப் பார்த்து எனக்குக் கால் கூசிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, இங்கேயாவது முறை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸை உருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பெஞ்சின் ஓரமாக, முனை வெளியே பார்க்கிற மாதிரி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் எங்கோ இடித்தது. அறுபது எழுபது பேர் இருந்தார்கள். எல்லார் காலிலும் ஷூ இருந்தது. அப்படியென்றால் வெளியே இருப்பவை யாருடையவை? என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் வெறுங்காலோடு இருந்தாள். எத்தியோப்பியாவிலிருந்து வந்து அங்கே படிப்பவள். அவளுடைய ஷூ அவள் நாற்காலிக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. அவள் என் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கள் ஊர்க் கோயிலிலும் கழற்றித்தான் போவோம்" என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். "உன்னுடையது எங்கே?"

"வாசலில்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "வாசலில் எங்கே?"

ஜெபம் முடிகிற வரைக்கும் எழுந்து போக முடியாது. முடிந்ததும் வெளியே ஓடினேன். பெஞ்சு காலியாக இருந்தது. இரண்டு பையன்கள் பெரிய அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சிலிருந்த கடைசி ஷூ வரைக்கும் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. என் கறுப்பு ஷூவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கறுப்பு ஷூ நிறைய இருந்தது என்றார்கள். இவை என்ன பெட்டிகள் என்று கேட்டேன். அப்போதுதான் அந்தத் துணித் தட்டியில் எழுதியிருந்ததை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்கள். சுனாமியில் பாதிக்கப்பட்ட மக்களுக்காகப் பழைய ஷூ, பழைய துணி.

எந்த ஊருக்கு என்று கேட்டதற்கு அவர்களுக்குத் தெரியவில்லை. மாநாட்டுப் பொறுப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். நல்ல மனுஷிதான், அதில் சந்தேகமில்லை. பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொள்கிற ஆள். அப்பா அம்மா என்ன வேலை என்று விசாரித்துக்கொண்டே அவர் என்னைச் சுவரிலிருந்த இந்திய வரைபடத்துக்கு முன்னால் அழைத்துப் போய், சென்னையிலிருந்து கீழே கடற்கரையோரமாக விரலை இழுத்துக்கொண்டு போனார். விரல் மரக்காணத்தைத் தாண்டித்தான் போயிற்று.

"நடுவில் நிறுத்துங்கள். அது எங்கள் ஊர்" என்றேன்.

"உன் ஊருக்கா? அடடா, எவ்வளவு அழகான விஷயம்" என்று மறுபடியும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு ஒரு அழகும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது கடலோரமாகப் போகிற ஈ.சி.ஆர். ரோடு, ஜனவரி மாதத்தில் அது இருந்த நிலை.

சுனாமியில் பெரிய சாவெல்லாம் கடலோரத்துக் குப்பங்களில். எங்கள் தெரு ரோட்டுக்கு மேற்கே உள்ளே தள்ளி இருந்தது. எங்களுக்கு உயிர் போகவில்லை. ஆனால் கழிமுகம் வழியாக ஏறிய தண்ணீர் பாத்திகளில் கறுப்புச் சேற்றை நிரப்பி, வரப்பையெல்லாம் உடைத்துவிட்டுப் போயிருந்தது. உப்பு வேலை தொடங்கும் காலத்தில் வேலையே இல்லை. அந்த வாரங்களில்தான் லாரி லாரியாகத் துணி வந்தது. எங்கே இறக்குவது என்று தெரியாமல் ரோட்டோரமாகவே கொட்டிவிட்டுப் போனார்கள். முதல் லாரிக்கு எல்லாரும் ஓடினோம். அம்மாவும் நானும்கூட. கிழிந்த ஜாக்கெட், பட்டன் இல்லாத கம்பளிக் கோட்டு, காதை மூடுகிற கம்பளிக் குல்லா, கறை பிடித்த உள்ளாடை. வெயிலில் நிற்க முடியாத ஊருக்குக் கம்பளிக் குல்லா. அம்மா ஒரு மூட்டையிலிருந்து உயரக் குதி வைத்த ஷூ ஒன்றை உருவி எடுத்தாள். கிண்டி கிண்டிப் பார்த்தாள். இன்னொன்று கிடைக்கவில்லை.

லாரி மேலே நின்றிருந்தவனைப் பார்த்து, "இதுக்கு ஜோடி எங்கப்பா?" என்று கேட்டாள்.

"ஏம்மா, ஓசியில குடுக்கறதுக்கு ஜோடி வேற கேக்கறியா?" என்றான் அவன்.

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மா அந்த ஷூவை ரோட்டு ஓரத்தில், யாரோ கழற்றி வைத்த மாதிரி நிமிர்த்தி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு வந்த எந்த லாரிக்கும் அவள் போகவில்லை. ரோட்டோரத் துணிகள் பனியில் நனைந்து நாறின. மாடுகள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. கடைசியில் பாத்தி சரிசெய்யப் போனவர்கள்தான் அந்தக் கம்பளிச் சட்டைகளை அள்ளிக்கொண்டு போய், உடைந்த மடைகளில் அடைத்தார்கள். "சாக்கவிட நல்லா அடைக்குதுப்பா" என்று அப்பா வந்து சொன்னார். யாரோ குளிருக்குப் பின்னிய சட்டைக்கு எங்கள் ஊரில் கிடைத்த மரியாதை அதுதான். குற்றம் எங்களுடையது இல்லை.

இதையெல்லாம் நான் பொறுப்பாளர் அம்மாவிடம் அப்போது சொல்லவில்லை. என் ஷூ தவறுதலாக உள்ளே போய்விட்டது, எடுத்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் சங்கடப்பட்டது. பெட்டிகள் ஒட்டியாகிவிட்டன, இன்று மாலை ஆராதனையில் அவற்றை வைத்து ஜெபிக்கிறோம், காலையில் லாரி வந்துவிடும், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எந்த ஊரிலும் எனக்குத் தெரியும்.

காபி நேரத்தில் வராந்தாவிலிருந்த போனில் கார்டு போட்டு ஊருக்குப் பேசினேன். பக்கத்து வீட்டுப் போன். அம்மாவைக் கூப்பிட்டுவரச் சொல்லி, அவள் வந்து எடுப்பதற்குள் பாதிக் கார்டு தீர்ந்துவிட்டது.

"இன்னாடி, சாப்ட்டியா? குளுரு இருக்குதா?"

"ஷூவ காணோம்மா."

"எங்க உட்ட?"

"சர்ச் வாசல்ல."

"அங்கயுமா திருடறாங்க?"

"திருடலம்மா. சுனாமிக்கு அனுப்பற பொட்டியில சேத்து ஒட்டிட்டாங்க."

"எந்த சுனாமிக்கு?"

"நம்ம சுனாமிக்குத்தான். நம்ம பக்கம்தான் வருதாம்."

அந்தப் பக்கம் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். என் கார்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப இன்னாத்துக்கு அழுவுற? இங்கதான வரும். லாரி வந்தா நான் போயி பாத்து எடுத்து வெக்கிறேன். ஊதா நூலு இருக்குதில்ல."

"எனக்கு இப்ப வேணும்மா. சாயங்காலம் கேக்கப் போறேன்."

சிரிப்பு நின்றது. "ஒண்ணும் கேக்காத. சோறு போடற எடத்துல வாயக் காட்டாத. நாளைக்கி நம்ம பசங்க நாலு பேரு அங்க வரணும். உன்னால அது கெடக்கூடாது. போனா போவுது, செருப்பு தான."

கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. போனா போவுது என்று அம்மா சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. முனையை அழுத்திப் பார்த்து வாங்கியவள் சொல்கிற பேச்சா அது? ஜோடி கேட்டதற்கு நாலு பேர் சிரித்த பிறகு, எதையும் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டவள் பேசுகிற பேச்சு.

அங்கே ஆறு மணிக்கே போடுகிற ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் வெறுங்காலோடு சில்லென்ற தரையில் தட்டை ஏந்தி நின்றேன். பொறுப்பாளர் அம்மா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் கையில் ஒரு ஜோடியோடு வேகமாக வந்தார். பழுப்பு நிறம், குதிப்பக்கம் ஒருச்சாய்த்துத் தேய்ந்தது, உள்ளே யாருடைய ஐந்து விரலோ கறுப்பாகப் பதிந்திருந்தது. தாமதமாக வந்த ஒரு பையில் கிடைத்ததாம்.

"இது உனக்குச் சரியாக இருக்கும்" என்றார்.

பார்த்தால் அளவு சரியாகத்தான் தெரிந்தது. எனக்கே நிவாரணம் கொடுத்துவிட்டார்கள். பாண்டியில் வாங்கிய புது ஷூ பெட்டிக்குள்ளே. அந்தப் பெட்டியில் போக வேண்டிய கிழம் என் கையில். நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன், ஊரிலிருக்கிற என் அம்மாவுக்காக. காலில் மட்டும் போடவில்லை.

மாலை ஆராதனை. பீடத்துக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கி, சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ஒரு பையன் கிட்டார் வாசித்தான். வேதவாசிப்பு தொடங்கியது. எத்தியோப்பியப் பெண் அவள் மொழியில் வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்தது நான். பழுப்பு ஷூவை நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு முன்னே போனேன். மனசுக்குள் முதல் வரியைச் சொல்லிக்கொண்டே போனேன்.

வாசிக்க வாயைத் திறப்பதற்குள் பொறுப்பாளர் அம்மா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். இந்தச் சகோதரியின் பாதங்களைப் பாருங்கள் என்றார். எல்லாரும் பார்த்தார்கள். இவள் அலை வந்த கடற்கரையிலிருந்து வந்தவள், இவளுடைய பெற்றோர் உப்பளத் தொழிலாளிகள், இருந்தும் இன்று தன்னிடமிருந்த ஒரே ஜோடி ஷூவை இந்தப் பெட்டிகளில் தன் மக்களுக்காகப் போட்டுவிட்டாள் என்றார். இருந்ததையெல்லாம் கொடுத்துவிடும் ஏழைகளைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். நடந்த தவறு அவர் மனசில் சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு நல்ல கதையாக மாறிவிட்டிருந்தது. அந்தக் கதையில் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

கைதட்டினார்கள். முன்வரிசையில் ஆரம்பித்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இப்போது வாயை மூடிக்கொண்டு வாசித்துவிட்டு இறங்கினால் நான்கு நாளும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வருகிற வருஷமும் எங்கள் ஊரிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள். நான் படிக்க வந்த மாணவியாக மட்டும் இருக்க மாட்டேன். பெட்டிக்குள் இருப்பதை வாங்கிக்கொள்கிற ஊரின் நன்றியுள்ள முகமாக இருப்பேன். அம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"நான் கொடுக்கவில்லை" என்றேன்.

கைதட்டலில் அது கேட்கவில்லை. மைக்கை இழுத்து மறுபடியும் சொன்னேன். "நான் கொடுக்கவில்லை. வாசலில் கழற்றி வைத்தேன். எங்கள் ஊரில் சாமி கும்பிடப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். நீங்கள் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டீர்கள். மதியத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

சத்தம் அடங்கியது. நின்றவர்கள் உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். பொறுப்பாளர் அம்மா என் காதருகே வந்து, வாசித்துவிடு, பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் கை இன்னும் என் தோளில்தான் இருந்தது.

"வெறுங்காலோடு வாசிப்பது எங்கள் வழக்கம்" என்றேன், மைக்கிலேயே. "ஷூவைப் பறிகொடுத்துவிட்டு வாசிப்பது வழக்கம் இல்லை. எடுத்துக் கொடுங்கள். வாசிக்கிறேன்."

எத்தியோப்பியப் பெண்தான் எழுந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. மேலே இருந்த பெட்டியைத் தரையில் இறக்கி, டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பாக இழுத்தாள். அந்தச் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைக் காலி பண்ண ஆரம்பித்தேன்.

பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. ஷூவைத் தேடினால் மேலே இருப்பதை எடுத்து வெளியே வைக்கத்தானே வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பீடத்துக்கு முன்னால், ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முழங்காலில் கிழிந்து தொங்குகிற கால்சட்டை. எலாஸ்டிக் போன நீச்சலுடை. மஞ்சளடித்துப்போன ஒரு கல்யாண கவுன். அதை எடுத்து விரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் எல்லாரும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள். கிட்டார் வாசித்த பையன் முகம் சிவந்துபோய் எழுந்து வந்து, அந்தக் கால்சட்டையை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அடுத்து என் கைக்கு வந்தது, அடியில் இரும்புத் தகடு வைத்த ஒரு பூட்ஸ். பனிக்கட்டி மேல் சறுக்குவதற்கானது என்று அந்தப் பெண் சொன்னாள். மரக்காணத்தில் பனிக்கட்டி மீன் பெட்டியில்தான் இருக்கும். கையை விட்டுத் துழாவினேன். இன்னொன்று இல்லை. அதைத் தூக்கிப் பிடித்து, யாரைப் பார்த்து என்று இல்லாமல், "இதற்கு ஜோடி எங்கே?" என்று கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை.

என் இடது ஷூ அந்தப் பெட்டியின் அடியில் கிடைத்தது. வலது அதில் இல்லை. ஒட்டுகிற அவசரத்தில் ஜோடியைக்கூடச் சேர்த்துப் போடவில்லை. இன்னொரு பெட்டியைத் திறந்தோம், அதற்கடுத்ததையும் திறந்தோம். ஒரு திரைச்சீலைக்குள் சுருண்டு கிடந்தது. நாக்கை இழுத்துப் பார்த்தேன். ஊதா முடிச்சு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

துப்பட்டாவால் இரண்டையும் துடைத்தேன். போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நான் கையில் எடுத்துக்கொண்டு நடுவே நடந்து வாசலுக்குப் போனேன். அதே பெஞ்சின் ஓரத்தில், அதே மாதிரி முனை வெளியே பார்க்க வைத்தேன். திரும்பி வந்து வாசித்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால் தடுமாற்றம் எனக்கு மட்டும்தான் தெரியும். முடித்துவிட்டு வெளியே வந்தபோது ஷூ வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

காலையில் லாரிச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. நாங்கள் திறந்த பெட்டிகளும் இருந்தன, புது டேப்போடு. நான் இறங்கி ஓடினேன். பொறுப்பாளர் அம்மா அங்கே நின்றிருந்தார். கல்யாண கவுன் எங்கே, அந்த ஒற்றைப் பூட்ஸ் எங்கே என்று கேட்டேன். உள்ளேதான் இருக்கிறது என்றார். நேற்று நடந்ததற்கு ரொம்ப வருத்தம், ஆனால் பிரித்துப் பார்க்க நேரம் இல்லை, அங்கே இருப்பவர்கள் வேண்டியதைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள் என்றார்.

அங்கே இருப்பவர்கள் என்றால் என் அம்மா. ஷூ கிடைத்தது அவளுக்கு இன்னும் தெரியாது; இனி லாரியே வேண்டாம் என்று இருந்தவள், இந்த லாரிக்கு மட்டும் வருவாள். ஊதா நூலைத் தேடி எல்லாவற்றையும் கிண்டுவாள். நான் வாசலில் ஷூவோடு நின்று லாரி திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த பெட்டிகளில் நான் பார்த்த வரைக்கும், எங்கள் ஊரில் ஒருத்தி காலில் போட்டுக்கொண்டு நடக்கத் தகுந்ததாக இருந்தது ஒரே ஒரு ஜோடிதான். அதையும் நான் எடுத்துவிட்டேன்.